மீன்காட்சியகத்துத் திருக்கையின் வயிற்றில் சிவப்புத் திட்டுகள் இருந்தால் அது நோயா?

கண்ணாடியை ஒட்டி மேலேறிய திருக்கையின் வெள்ளை வயிற்றில் சிவந்த திட்டுகளைப் பார்த்ததாகவும், அவ்வளவு தெளிந்த நீரில் நோய் எப்படி வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கிருந்த ஊழியரிடம் கேட்டிருப்பீர்கள், அவர் சிரித்து மழுப்பியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அப்படி மழுப்பும் ஊழியராக நானும் நான்கு ஆண்டுகள் இருந்தேன்.

விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் கடல்நீரில் இயல்பாகவே வாழ்பவை. ஓசோனும் புற ஊதா விளக்கும் அவற்றைக் குறைக்குமே தவிர, அடியோடு ஒழிப்பதில்லை. சொரசொரப்பான தரையில் வயிறு உராய்ந்தோ, பிடிக்கும் வலையில் சிராய்த்தோ தோலின் கோழைப் படலம் உரிந்துவிட்டால், அவை உள்ளே புகும். 1982-இல் அமெரிக்காவின் பால்டிமோர் தேசிய மீன்காட்சியகத்தில் இறந்த ஒரு சுறாவிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு, சுறாவை ஒட்டியே விப்ரியோ கார்கேரியே என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது, முன்பே அறியப்பட்ட விப்ரியோ ஹார்வியேதான் என்று தெளிவானது.

இருளில் ஒளிரக்கூடிய அந்த ஹார்வியே எனக்குப் பழைய பகையாளி. மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் வேலை பார்த்த நாள்களில், இரவு விளக்கை அணைத்ததும் தொட்டிநீர் நீலப்பச்சையாக மினுங்கினால் அன்று எங்களில் எவரும் உறங்க மாட்டோம். விடியும்போது குஞ்சுகள் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

பிறகு வளைகுடா நாடொன்றின் மீன்காட்சியகத்தில் சேர்ந்தேன். புதிதாக வந்த பெண் திருக்கையொன்று மூன்று நாளாக இரையைத் தொடவில்லை. மல்லாத்திப் பிடித்தால் திருக்கை மயங்கியதுபோல் அசையாது கிடக்கும்; அப்படிக் கிடந்தபோது செவுள் பிளவுகளுக்குக் கீழே காசளவில் ஐந்து சிவந்த புண்களைக் கண்டோம். மருத்துவர் வாலின் அடிப்புறத்தில் இரத்தம் எடுத்து, மனித இரத்தத்தைச் சோதிக்கும் வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். அறிக்கையில் யூரியா அளவை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். சுறாவுக்கும் திருக்கைக்கும் இரத்தத்தில் யூரியா மிகுந்திருப்பதே இயல்பு. சந்தையில் பழஞ்சுறா அம்மோனியா வாடை அடிப்பதும் அதனால்தான். பாக்டீரியா பற்றிய வரியில் "வளர்ச்சி இல்லை" என்றிருந்தது.

கடல் பாக்டீரியா பலவற்றுக்கு அந்த ஆய்வகத்தின் வளர்ப்பூடகத்தில், அதாவது பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கூழில், உப்பு போதாது என்பது பொரிப்பகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். "டிசிபிஎஸ் தட்டில் பூசிப் பார்க்கலாமா, சார்?" என்று, விப்ரியோவை வளர்த்துக் காட்டும் ஊடகத் தட்டைக் குறிப்பிட்டு மேலாளரிடம் கேட்டதற்கு, தொட்டி கழுவும் வேலையைப் பார்க்கச் சொன்னார். மருத்துவர் அம்மையார் மட்டும் புண்ணிலிருந்து பஞ்சால் ஒற்றி எடுத்துத் தட்டில் பூசினார். மறுநாள் தட்டு முழுவதும் மஞ்சள் நிறப் பாக்டீரியாக் காலனிகள்.

ஒரு தட்டை வைத்து இன்ன இனம் என்று சொல்லிவிடலாமா என நுண்ணுயிரியல் படித்தவர்கள் பின்னூட்டத்தில் கேட்பார்கள். சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. நான் மருத்துவனும் அல்லன். நலமான சுறாவின் இரத்தத்திலேயே பாக்டீரியா இருப்பதுண்டு என்று எனக்குச் சொன்னவரே அந்த அம்மையார்தான். புண், பட்டினி, தட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை மூன்று நாளுக்கு ஒருமுறை தசையில் போட்டார். தரையில் மென்மணலும் பரப்பச் சொன்னார். ஐந்தாம் ஊசிக்குப் பின் அது என் கையிலிருந்த கணவாயை உறிஞ்சி எடுத்தது. அம்மாத அறிக்கையில் "ஆய்வகத்தின் உதவியால் குணமானது" என்று எழுதினார் மேலாளர்.

நீங்கள் பார்த்தது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இணைசேரும் பருவத்தில் ஆண் திருக்கை பெண்ணின் சிறகோரத்தைக் கடித்துப் பிடிப்பதால் வரும் காயமும் சிவந்தே இருக்கும். திட்டு வயிற்றின் நடுவிலா, ஓரத்திலா என்று கவனியுங்கள். இரை போடும் நேரத்தில் மற்றவை மொய்க்கும்போது அது மட்டும் தரையிலேயே கிடந்தால், நாளும் நேரமும் குறித்து ஊழியரிடம் சொல்லுங்கள். அவர் மறுபடியும் சிரித்து மழுப்பக்கூடும். ஆனால் நீங்கள் நகர்ந்ததும் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுப்பார்.