நைட் டியூட்டியில் எழும் கேள்விகள்

கேள்வி: பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருக்கிறேன். ஆராய்ச்சி செய்ய ஆசை. “அது சோறு போடாது, முதலில் கைவேலையைக் கற்றுக்கொள்” என்கிறார்கள் சீனியர்கள். நைட் டியூட்டி முடிந்தால் கண் சொருகுகிறது. ஆசையை விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விடாதீர்கள் டாக்டர். கைவேலை வேண்டும்தான். ஆனால் அந்தக் கைவேலையையே திருத்தித் தந்தது ஆராய்ச்சி.

நீங்கள் தினமும் கூட்டிக் குறைக்கும் ஆக்சிஜனையே பாருங்கள். 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள், நல்லெண்ணத்தோடுதான். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போனது. அதிக ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதியாக, 1953-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு தொடங்க வேண்டியிருந்தது. அப்புறம் பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் தப்பியது, உயிர்கள் போயின. சரியான அளவைத் தேடுவது அதோடு முடியவில்லை. 2010-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவை, 85–89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளிடம் கடுமையான கண் பாதிப்பு குறைவு, இறப்போ 91–95-இல் வைத்தவர்களைவிட அதிகம். மருந்து விஷயத்திலும் இப்படி விடை தெரியாதவை நிறைய. பெரியவர்களிடம் சோதித்ததை எடை பார்த்துக் குறைத்துக் கொடுக்கிறோமே, அது போதுமா என்று கேட்க வார்டில் நிற்பவர்தான் வேண்டும்.

வருமானம் பற்றிச் சீனியர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆராய்ச்சிப் பணிக்குப் பல இடங்களில் சம்பளம் குறைவு, நிதியும் நிலையில்லை. ஆனால் வார்டை விட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள்; அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பெரிய பெயரைவிட, உங்கள் வரைவைப் படித்துத் திருத்தித் தர நேரம் ஒதுக்குபவர் முக்கியம்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ரவுண்ட்ஸில் “ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று தோன்றுவதை அன்றே எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அதை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு சேர்க்கும் முன்பே புள்ளியியல் தெரிந்தவரிடம் போங்கள். சேர்த்த பிறகு போய்த் தலையில் கைவைத்தவர்கள் ஏராளம்.

தூக்கத்தைத் திருடி ஆராய்ச்சி செய்யாதீர்கள். வாரத்தில் ஒரு அரைநாள் கேளுங்கள், அது ரோஸ்டரில் எழுத்தில் இருக்கட்டும். இதைப் படிக்கும் துறைத்தலைவர்களே, அவர் கேட்கும் முன்பே நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

நோட்டில் எந்தக் கேள்வி நின்றது என்று எழுதுங்கள் டாக்டர், காத்திருக்கிறேன்.