வெள்ளம் புகுந்த வீடா? இப்போதைக்குப் பெயிண்ட் வேண்டாம்

கேள்வி: புக்கிட் தீமா பக்கம் எங்கள் தரைவீட்டில் போன மாதம் திடீர் வெள்ளம் கணுக்கால் அளவுக்கு ஏறி, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. தினமும் ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுகிறோம். ஆனாலும் வாடை போகவில்லை, சுவரின் அடியில் பெயிண்ட் உப்புகிறது. பூஞ்சை தடுக்கும் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் காண்ட்ராக்டர். அடிக்கலாமா?

பதில்: இப்போது அடிக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழி தேடுவதால்தான் பெயிண்ட் உப்புகிறது. அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டைப் பூசினாலும் அதுவும் உரிந்துதான் வரும்.

முதலில் அந்த ஜன்னல்களைச் சாத்துங்கள். சிங்கப்பூரில் வெளிக்காற்றின் ஈரப்பதமே சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். தரையில் நின்ற தண்ணீர் காயும் வரைக்கும் திறந்து வைத்தது சரி, அதற்கப்புறம் வெளி ஈரத்தை நாமே வீட்டுக்குள் அழைக்கிறோம். கதவு ஜன்னலை மூடி, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் இயந்திரமான டிஹியூமிடிஃபையரை இரவு பகலாக ஓட விடுங்கள். அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா இதற்குக் காணாது. இயந்திரத்தின் தொட்டி நிரம்பினால் அது தானாக நின்றுவிடும், அதனால் குழாய் மாட்டித் தண்ணீரை நேராகக் குளியலறை வடிகாலில் விடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அறையில் வைத்து, 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

வாடை எங்கிருந்து வருகிறது? என் சந்தேகம் கிச்சன் கேபினட்டின் முன்பக்கம் தரையை ஒட்டி நிற்கும் அடிப்பலகை மேல்தான். பெரும்பாலும் அது கிளிப்பில்தான் நிற்கும், இழுத்தால் வந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த பொருளில் பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும், உங்கள் வீட்டிலோ வாரக்கணக்கில் ஆகிவிட்டது. மரத்தூள் பலகை உப்பி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தால் அதைக் காயவைத்துப் பலனில்லை, தூக்கிப்போடுங்கள். லாமினேட் தரை என்றால் ஓரத்தில் ஒரு பலகையைக் கிளப்பிப் பாருங்கள், அடியில் இருக்கும் நுரை விரிப்பு ஈரத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஜிப்சம் தடுப்புச் சுவர் இருந்தால், தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஈரம் ஏறியிருக்கும். நனைந்த பகுதியை வெட்டி எடுப்பதுதான் வழி, மேலே பிளீச் தடவினால் உள்ளே இருக்கும் பூஞ்சை சாகாது. பூஞ்சை கண்ணில் பட்டால் ஃபேனை நிறுத்திவிடுங்கள், வித்துகளை வீடு முழுக்கப் பரப்பிவிடும். வந்தது சாக்கடை கலந்த தண்ணீர், அதனால் கையுறையும் என்95 முகக்கவசமும் இல்லாமல் இறங்க வேண்டாம். கழற்றும் ஒவ்வொன்றையும் காப்புறுதிக்காகப் படம் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் தொட்ட பிளக் பாயிண்ட்டை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்தாரா? இல்லையென்றால் அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

செங்கல் சுவர் காய வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும். உப்பிய பெயிண்டைச் சுரண்டிவிட்டால் சுவருக்கு மூச்சு விட வழி கிடைக்கும். வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்துவிட்டது என்று தோன்றும்போது ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் பார்த்தும் வியர்க்கவில்லை என்றால் காண்ட்ராக்டரைக் கூப்பிடலாம்.