குடியை விட்டேன், சந்தோஷம் எங்கே?

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணம் குருநகர். கடலுக்குப் போகிறவன். குடியை விட்டு 5 மாதம். பூசைக்குத் தவறுவதில்லை. செபக்கூட்டத்தில் சாட்சி சொல்கிறவர்கள், 'ஆண்டவர் தொட்டார், அன்றோடு ஆசை போச்சு' என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. செபமாலை சொன்னால் வாய்தான் அசைகிறது. மனைவி இன்னமும் என் சேட்டுப் பையைத் தடவிப் பார்க்கிறார். என் விசுவாசத்தில்தான் குறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நானும் தவறணை வாசலில் பாதி வயதைத் தொலைத்தவன்தான். விசுவாசத்தில் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. வருடக்கணக்காகச் சாராயத்துக்குப் பழகிய மூளைக்குத் தேத்தண்ணீரும் பிள்ளையின் சிரிப்பும் உடனே உறைக்காது. அது சீராகப் பல மாதம் எடுக்கும். ஒரே இரவில் ஆசை போனவர்களை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆனால், அப்படியான சாட்சிகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில்தான் நான் இரண்டு தரம் மறுபடி குடித்தேன்.

51ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். மீட்பின் மகிழ்ச்சியை 'மீண்டும்' தாரும் என்று கேட்கிறார் தாவீது. கையில் இருந்தால் ஏன் கேட்கப்போகிறார்? வாய் மட்டும் அசைந்தாலும் செபம் செபம்தான்.

1935ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், வந்த வியாபாரம் சரிவராமல் ஹோட்டலில் தனியே நின்றார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதம்தான். பக்கத்திலேயே மதுச்சாலை. அவர் ஒரு போதகருக்குத் தொலைபேசி எடுத்து, தான் பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித், ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஏஏ' (அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்) என்கிற அமைப்பு அந்தப் பேச்சில் தொடங்கியது. வில்சன் போனது ஊரைத் திருத்த இல்லை, அன்றைய பொழுதைத் தான் குடிக்காமல் கடத்த.

உங்கள் மீன் வாடியிலும் அப்படிக் குடிக்கிற ஒருவர் இருப்பார். போய்ப் பேசுங்கள். ஒன்று மட்டும்: நாள் முழுக்கக் குடிக்கிறவரை, 'செபம் பண்ணி இன்றோடு விடு' என்று சொல்லிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரி.

சேட்டுப் பை விஷயம். என் மனைவி இரண்டு வருடம் பார்த்தார். அப்புறம் ஒரு சனிக்கிழமை, 5000 ரூபாய்த் தாளை நீட்டி, சின்னக்கடைக்குப் போய் மீன் வாங்கி வரச் சொன்னார். மிச்சக் காசை எண்ணாமல் அலுமாரியில் வைத்தார். அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. நான் வாயே திறக்கவில்லை.