மறுபடி வந்த பி-ஏஎல்எல்: மஜ்ஜை சுத்தமானபின் ஸ்டெம் செல் மாற்று தேவையா?

அண்ணனுக்கு பி-ஏஎல்எல் (ஒரு வகை இரத்தப் புற்றுநோய்) திரும்பி வந்து, பிளினாடுமோமாப் மருந்தின் முதல் சுற்றிலேயே எலும்பு மஜ்ஜை சுத்தமாகிவிட்டது, இனி ஸ்டெம் செல் மாற்று எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 'சுத்தம்' என்று எந்தப் பரிசோதனை சொன்னது என்று முதலில் பாருங்கள். நுண்ணோக்கியில் புற்றணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ரெமிஷன் (நோய் அடங்கிவிட்டது) என்று எழுதிவிடுவார்கள். மிஞ்சிய புற்றணுக்களைத் தேடும் எம்ஆர்டி சோதனையோ 10,000 செல்லில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் காட்டும். அந்த முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

அது நெகட்டிவாக இருந்தாலும், திரும்பி வந்த நோயில் பெரும்பாலும் மாற்று சிகிச்சையைத்தான் பரிந்துரைப்பார்கள். பிளினாடுமோமாப் புற்றணுவை அடையாளம் காண்பது அதன் மேலுள்ள சிடி19 என்ற குறியை வைத்துத்தான்; தப்பிய செல்கள் அந்தக் குறியை உதறிவிட்டால் இதே மருந்து மறுபடி பிடிக்காது. நோய் அடங்கியிருக்கும் இந்த இடைவெளியைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். கொடையாளர் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ சோதனைக்கு இப்போதே இரத்தம் கொடுங்கள். கூடப்பிறந்த ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் பாதிப் பொருத்தத்திலும் செய்கிறார்கள்.

அடுத்த சுற்றின் 28 நாளும் பிளினாடுமோமாப் செலுத்தும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 4 மணி நேரமோ அதற்கு மேலோ நின்றுபோனால் மருத்துவக் கண்காணிப்பிலோ மருத்துவமனையில் வைத்தோதான் மறுபடி தொடங்குவார்கள். மருந்து போகும் குழாயை ஃப்ளஷ் செய்யவே (திரவம் செலுத்திக் கழுவவே) கூடாது, உள்ளே நிற்கும் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மருந்து மூளையைப் பாதிக்கிறதா என்று கவனிக்க, அண்ணனைத் தினமும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். கையெழுத்து கோணினாலோ பேச்சு தடுமாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே அழையுங்கள்.