செத்தவனின் பூட்ஸ்

கேள்வி: உங்கள் இதழில் புகழ்ந்திருந்தீர்களே என்று நண்பர்கள் கூடி இரண்டு பழைய போர்ப் படங்களைப் பார்த்தோம். சிப்பாய் நடுங்குகிறான், சோற்றுக்கு அலைகிறான், சாகக் கிடக்கும் தோழனின் பூட்ஸ் மீது கண் வைக்கிறான். உயிரைக் கொடுத்துப் போரிடுகிறவனை இப்படியா காட்டுவது? இதைப் போய்க் காவியம் என்கிறீர்களே!
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: உங்களுக்கு முன்பே சிலருக்கு இந்த வருத்தம் வந்திருக்கிறது. 1930 டிசம்பரில், முதல் உலகப் போரைப் பற்றிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' பெர்லினில் ஓடியபோது, நாஜிகள் அரங்குக்குள் வெள்ளைச் சுண்டெலிகளை அவிழ்த்துவிட்டு, நாற்றக் குண்டும் வீசிக் காட்சியை நிறுத்தினார்கள். முன்னின்று நடத்தியவர், பின்னாளில் ஹிட்லரின் பிரசார அமைச்சரான கோயபல்ஸ். ஜெர்மன் வீரனை இழிவுபடுத்துகிறது என்பதுதான் அவர்களுடைய புகாரும். ஒரே வாரத்தில் படத்துக்குத் தடை வந்தது. நீங்கள் எலி கொண்டுவராமல் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு நன்றி.

அந்தக் கதையை எழுதிய ரெமார்க் சாய்வு நாற்காலிக்காரர் அல்லர். 1917-இல் போர்முனையில் குண்டுச் சிதறல் பட்டவர். நீங்கள் முகம் சுளித்த காட்சியை இன்னொரு முறை பாருங்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிப்பாய் கெம்மரிக்கின் காலை எடுத்துவிட்டார்கள். அது தெரியாமல், கால்விரல் வலிக்கிறது என்கிறான். பக்கத்தில் நிற்கும் தோழன் முல்லரின் கண் அவனுடைய பூட்ஸ் மேல். நல்ல தோல். இனி இவனுக்கு எதற்கு என்று கேட்டே விடுகிறான். கெட்டவனா அவன்? இல்லை. அவனுடைய பூட்ஸ் காலைக் கடிக்கிறது, நாளைக்கும் சேற்றில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஜோடி பிறகு முல்லருக்குப் போகிறது, அவனும் சாகிறான், அடுத்தவன் காலுக்குப் போகிறது. வசனமே வேண்டாம், பூட்ஸ் நடக்கிறது, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறான்.

என் ஐயா ரங்கூனில் வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது நடந்தே ஊர் வந்தவர்களில் ஒருவர். குண்டு விழுந்ததைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. சொன்னதெல்லாம் ஒரு செருப்பைப் பற்றித்தான். வழியில் வார் அறுந்துவிட்டது. பாதையோரம் ஒருவர் படுத்திருந்தார். எழுப்பிப் பார்த்தபோது எழுந்திருக்கவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஐயா நடந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும் அதைக் கழற்றிக் கண்மாய்க் கரையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் நுழைந்தாராம். இந்தப் படத்தை அவருக்குப் போட்டுக் காட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பூட்ஸ் காட்சி வந்ததும் உங்களைப் போல அவர் கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

வீரமே இல்லை என்பதும் தவறு. 1959-இல் வந்த சோவியத் படம் 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்'. எடுத்த சுக்ராய் ஸ்டாலின்கிராடில் போரிட்டவர். அதில் பத்தொன்பது வயதுப் பையன் டாங்கியைக் கண்டு தலைதெறிக்க ஓடுகிறான்; வேறு வழியில்லாமல் திரும்பிச் சுட்டு இரண்டு டாங்கிகளை வீழ்த்துகிறான். தளபதி பதக்கம் தருகிறேன் என்கிறார். பையன், பதக்கம் வேண்டாம், ஊருக்குப் போக லீவு கொடுங்கள், அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்கிறான். ஐப்பசி மழையில் வளவுக்குள் அண்டாவும் குண்டானும் பரப்பி வைத்து, ஓடு மாற்ற ஆள் தேடி அலைந்த நமக்கு அந்தப் பையனைப் புரியாதா? ஆறு நாள் லீவு கிடைக்கிறது. கூரையை மாற்றினானா என்பதை நீங்களே பாருங்கள்.

குறை சொல்லவே கூடாது என்று சொல்லவில்லை. பழைய ஹாலிவுட்டில் குண்டு பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டை கசங்காமல் சாய்வான். சொட்டு ரத்தம் இருக்காது. அது சுத்தப் பொய்.

இதைவிடப் பெரிய பொய்யும் உண்டு, அதுவும் நமக்குத் தெரிந்த மண்ணைப் பற்றி. 1945-இல் எரால் ஃப்ளின் நடித்து 'அப்ஜெக்டிவ், பர்மா!' வந்தது. கலிஃபோர்னியாவில் எடுத்த பர்மா. பாராசூட்டில் குதிக்கும் அமெரிக்கர்களே கதையின் நாயகர்கள். பர்மாவில் செத்தவர்கள் எங்கள் பிள்ளைகள் என்று பிரிட்டனில் கொதித்தார்கள். அங்கே படத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நியாயமான கொதிப்புதான். ஆனால் அவர்கள் 'எங்கள்' என்று சொன்ன அந்த 14-ஆம் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப் பிரிவைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் பர்மாவில் பாதை போட்டார்கள், பாலம் கட்டினார்கள். அவர்களில் ஒருவன் நடுங்கியதையோ, பசித்துக் கிடந்ததையோ, பூட்ஸ் கடித்து நொண்டியதையோ எந்தப் பெரிய படத்தில் பார்த்தீர்கள்?

கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால் அடுத்த கூட்டத்தில் அந்த எரால் ஃப்ளின் படத்தைப் போடுங்கள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வீடாகப் பார்த்துப் போடுங்கள், நானும் வருகிறேன்.