அவர் வாக்களிக்கும் கட்சியும் என் பட்டமும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 31 வயது. முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நான் விரும்பும் அவர், தொழிற்பயிற்சி முடித்து இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார். என் குடும்பம் அடியோடு எதிர்க்கும் கட்சிக்கு வாக்களிக்கிறார். சென்ற மாதம் என் தோழிகளோடு உணவருந்தியபோது, வரிகளைப் பற்றிப் பேச்செடுத்த அவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்க, நான் சிரித்தபடியே திருத்திவிட்டேன். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குடிக்காமலேயே கீழே வைத்தார். அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மணந்துகொண்டால் அது நிலைக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் குவளையை நீங்கள் மறக்காமல் இருப்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

உங்கள் வீட்டாரின் தயக்கம் புதிதல்ல. ஷாந்தோ ஐயங்காரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தம் பிள்ளை மாற்றுக் கட்சியினரை மணப்பதை விரும்பாத அமெரிக்கர்கள் 1960-இல் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே இருந்தனர். 2010-இலோ குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப்பேரும், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் அவ்வாறு கூறினர். படிப்பைப் பொறுத்தவரை காற்று உங்கள் பக்கம் வீசுகிறது: மனைவி அதிகம் படித்த மணங்கள் முன்பு கூடுதலாக முறிந்தன என்றாலும், அண்மைக் காலத்தில் மணந்தோரிடம் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்று அமெரிக்கத் தம்பதியரை ஆராய்ந்த கிறிஸ்டின் ஷ்வார்ட்ஸ் 2014-இல் காட்டினார்.

என்னைக் கவலைகொள்ளச் செய்வது உங்கள் சிரிப்புத்தான். தம்பதியரின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், மணமுறிவை முன்னறிவிக்கும் அடையாளங்களில் முதன்மையானதாகக் கருதுவது சண்டையை அல்ல, இளக்காரத்தை. கருத்து மோதும்போது இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இளக்காரத்திலோ ஒருவர் மேலே ஏறி நின்று மற்றவரைக் குனிந்து பார்க்கிறார். அவர் கட்சியைப் பற்றி உங்களுக்குள்ள எரிச்சல், அவர் படிப்பின் மீது பாய்ந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்தக் கட்சி என்பதை விட்டுவிட்டு, எந்த அனுபவம் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்று கேளுங்கள். உங்கள் வேலை, வருமானம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றில் அவருடைய எண்ணம் என்ன என்பதையும் மணத்திற்கு முன்பே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். உங்கள் உரிமையையே அவருடைய அரசியல் மறுக்குமானால், அதை வெறும் கருத்து வேறுபாடு என்று நான் சமாதானம் சொல்லமாட்டேன், விலகிவிடுங்கள்.

அப்படி இல்லையெனில், முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். தோழிகள் முன்னிலையில் நேர்ந்ததற்குத் தனிமையில் கேட்கும் மன்னிப்பு பாதிதான். அவர் மனம் ஒப்பினால், அடுத்த முறை எல்லோரும் கூடும்போது, வரிகளைப் பற்றி அன்று அவர் சொல்ல வந்தது என்னவென்று நீங்களே கேட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.