பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஐந்து பாகம்

கேள்வி: பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் புகுந்த வீட்டுக்குப் போகிறேன். வழக்கமான புடவை, ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாக எல்லோருக்கும் புத்தகம் கொடுக்க ஆசை. மாமனாருக்கு 74 வயது. கண்புரை ஆபரேஷன் ஆனவர், பேப்பரை வரி விடாமல் படிப்பார். மாமியார் வார இதழ்த் தொடர்கதைகளோடு வளர்ந்தவர். கொழுந்தனார் சினிமாப் பைத்தியம், கையில் எப்போதும் போன்தான். நாத்தனார் பிள்ளைகள் இருவர்: பெண்ணுக்கு 12, பையனுக்கு 6. இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம். இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டுக்குப் பொதுவாக 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஷோகேஸில் நிற்கிறது. எங்கே தப்பு செய்தேன்? கையில் 2,500 ரூபாய் இருக்கிறது.
– ஒரு வாசகி, கோவை

பதில்: தப்பு நாவலில் இல்லை. ஐந்து பாகமும் சேர்த்தால், பதிப்பைப் பொறுத்து 2,000 பக்கங்களைத் தாண்டும். தினமும் 20 பக்கம் வைத்தாலும் மூன்று, நான்கு மாத வேலை. "வீட்டுக்குப் பொதுவாக" என்று கொடுத்ததால் அந்த வேலை யாருக்கும் சொந்தமாகவில்லை. முதல் பாகத்தை மட்டும் ஒருவர் பெயர் சொல்லிக் கொடுத்திருந்தால் பிரித்திருப்பார்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் கடையில் பல பதிப்புகள் கிடக்கும். மலிவாக இருக்கிறதே என்று எடுத்தால் அது சுருக்கப் பதிப்பாக இருக்கக்கூடும். முதல் பாகமான 'புது வெள்ளம்' முழுசாக இருந்தால் 57 அத்தியாயங்கள் இருக்கும். பொருளடக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

இனி யாருக்கு வாங்கினாலும் அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். கேட்டால் "எது கொடுத்தாலும் சரிம்மா" என்பார்கள். அவர் கடைசியாக, யாரும் சொல்லாமல், தானாக எடுத்துப் படித்தது எது என்று வீட்டில் விசாரியுங்கள். பஜ்ஜி மடித்து வந்த காகிதமாக இருந்தாலும் அது கணக்கில் சேரும். எவ்வளவு நேரம், எங்கே உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புத்தகத்தின் பெருமையைப் பார்த்து வாங்குவதால்தான் பாதிப் பரிசுகள் அலமாரிக்குப் போகின்றன.

மாமனாரிடமிருந்து தொடங்குவோம். அவருக்கு எழுத்தாளரைவிட எழுத்தின் அளவு முக்கியம். கண்புரை நீக்கி வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்குப் பொருத்தப்படுகிறது, படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டியிருக்கும். பளபளப்பான வெள்ளைத் தாள் விளக்கொளியில் கூசும். லேசாக மஞ்சளோடிய தாள் நல்லது. கடையில் ஏதாவது ஒரு முழுப் பக்கத்தைப் பிரித்து வரிகளை எண்ணுங்கள். வழக்கமான டெம்மி அளவில், அதாவது சுமார் 14-க்கு 21.5 சென்டிமீட்டரில், 30 வரிக்குள் இருந்தால் அவருக்குச் சுகம். 38 வரி இருந்தால் எவ்வளவு உயர்ந்த நூலாக இருந்தாலும் கீழே வையுங்கள். எடையும் பாருங்கள். டெம்மியில் 200 பக்கம் கால் கிலோ அளவுக்கு வரும். 500 பக்கப் புத்தகத்தை ஈஸிசேரில் சாய்ந்து தூக்கிப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

பேப்பர் படிப்பவரின் கண் சின்னச் சின்னத் துண்டுகளுக்குப் பழகியது. அவருக்கு உ.வே. சாமிநாதையரின் கட்டுரைகள் பொருந்தும். 'என் சரித்திரம்' தொடராக வந்தது, அத்தியாயங்கள் சிறியவைதான், ஆனால் மொத்தத்தில் தடிமனான புத்தகம். அதை அடுத்த பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 'நினைவு மஞ்சரி' அல்லது 'புதியதும் பழையதும்' போதும். ஒவ்வொரு கட்டுரையும் சில பக்கங்களில் முடிகிறது, எங்கே பிரித்தாலும் தொடங்கலாம். திருக்குறள் உரை வாங்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம். பள்ளிப் பரிசு, கல்யாணத் தாம்பூலப் பை, பணி ஓய்வு விழா என்று அந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கும்.

மாமியார்தான் உங்கள் பட்டியலில் உண்மையான வாசகர் என்று தோன்றுகிறது. அந்தத் தலைமுறைப் பெண்கள் இதழ்களிலிருந்து தொடரைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து, தெருவில் கைமாற்றிப் படித்தவர்கள். கல்யாணம், பிரசவம், ஊர் மாற்றம் என்று நடுவில் ஏதாவது ஒரு தொடர் கட்டாயம் விட்டுப்போயிருக்கும். போனில் பேசும்போது, "அத்தை, நீங்க பாதியில விட்ட தொடர்கதை ஏதாச்சும் உண்டா?" என்று கேளுங்கள். பரிசு என்று சொல்ல வேண்டாம். கதாநாயகி பெயர் மட்டும் நினைவிருந்தால் போதும், பழைய புத்தகக் கடைக்காரர்கள் அதை வைத்தே தலைப்பைச் சொல்லிவிடுவார்கள். பதில் கிடைக்காவிட்டால் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' கேளுங்கள். 1968-இல் வந்த படத்தைப் பார்த்திருப்பார், நாவலில் அதைவிடக் கதை நிறைய இருக்கிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது கோபுலு படம் வரைந்தார். அந்தத் தலைமுறைக்குக் கதையில் பாதி அந்த ஓவியங்கள்தான். வாங்கும் பதிப்பில் அவை இருக்கின்றனவா என்று பார்த்து எடுங்கள். இருந்தால் நூறு, இருநூறு கூடக் கொடுக்கலாம்.

கொழுந்தனாருக்குத் தன்னம்பிக்கை நூல் கொடுத்துவிடாதீர்கள். "நீ சரியில்லை" என்று அண்ணி சுற்றி வளைத்துச் சொன்னதாக ஆகிவிடும். அவருக்குப் பூமணியின் 'வெக்கை'. 2019-இல் வந்த 'அசுரன்' படத்துக்கு மூலம். படம் அப்பாவைச் சுற்றிப் போகிறது. நாவல் பதினைந்து வயதுப் பையனோடு ஓடுகிறது, கொலை முதல் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. அளவிலும் சின்னது. கரிசல் பேச்சு உங்களுக்குக் கோவையில் கொஞ்சம் இடறலாம், திருநெல்வேலிக்காரருக்கு இடறாது. போன் பழக்கம் உள்ளவருக்கு முதல் பத்துப் பக்கம்தான் தேர்வு. மழை, மேகம், ஊர் வருணனை என்று தொடங்கும் நாவல்கள் அங்கேயே தோற்றுவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம். 12 வயதுப் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் கண் எழுத்துக் கூட்டி நகரும். வயதுக்கேற்ற நூல் கொடுத்தால் வேகம் போதாது. வேகத்துக்கேற்றது கொடுத்தால் நரி, காக்கா கதை, அது அவளுக்கு அவமானம். விஷயம் பெரிதாகவும் வாக்கியம் சிறிதாகவும் உள்ள நூல் தேட வேண்டும். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, பாடப் புத்தகத்தில் மட்டும் வரும் சொற்களை விரல் விட்டு எண்ணுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் அவளுக்குக் கனம்.

இந்தச் சோதனையில் தேறுவது காமிக்ஸ். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதலும் லயன் காமிக்ஸ் 1984 முதலும் வருகின்றன. கௌபாய் நாயகன் லக்கி லூக் தமிழில் பேசும் இதழ் ஒன்று கிடைத்தால் எடுத்துவிடுங்கள். பேச்சுக் குமிழில் இரண்டு மூன்று வரிதான், மீதியைப் படம் சொல்லிவிடும். இவை எல்லாக் கடையிலும் கிடைக்காது, பழைய இதழ்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். முன்கூட்டியே தேடுங்கள். கதைப் புத்தகமே வேண்டும் என்றால் 'டோட்டோ-சான்' தமிழ் மொழிபெயர்ப்பு. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த டோக்கியோ பள்ளியின் கதை, ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டு மூன்று பக்கம். அளவைப் பார்த்து இரா. நடராசனின் 'ஆயிஷா'வை எடுத்துவிடாதீர்கள். மிகச் சிறிய நூல், கதைநாயகி பள்ளி மாணவி, அதனால் பலர் பிறந்தநாள் பரிசாகவே கொடுக்கிறார்கள். அந்தச் சிறுமி கடைசியில் இறந்துபோகிறாள். அது ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம்.

ஆறு வயதுப் பையனுக்குப் படப் புத்தகம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மொத்தம் 24 பக்கம் போதும். மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று இரண்டும் உள்ள பதிப்பு பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் இங்கிலீஷ் மீடியம் பிள்ளை மேல் வரியோடு நின்றுவிடும். தமிழ் மட்டும் உள்ளதை வாங்குங்கள். சென்னை தூலிகா பதிப்பகத்தின் பல படக் கதைகள் தமிழ் மட்டும் உள்ள பதிப்பாகவும் வருகின்றன. இந்த வயதுப் புத்தகம் படிக்கக் கொடுப்பதல்ல, படித்துக் காட்டக் கொடுப்பது. பொங்கலன்று மத்தியானம் நீங்களே மடியில் உட்கார்த்தி ஒருதரம் வாசித்துவிடுங்கள். மறுநாள் அதே கதையை வேறு யாரிடமாவது தூக்கிக்கொண்டு போவான். நடுவில் பின் அடித்த புத்தகமாக இருந்தால் பின் முனை உள்பக்கமாக நன்றாக மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பணக் கணக்கு எளிது. இப்போதைய தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மாமியாருக்குப் பாதிப் பணத்தை ஒதுக்குங்கள், மற்ற நால்வருக்கும் மீதி போதும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது யாராவது போகிறார்கள் என்றால் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள், பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. தபாலில் வரவழைத்தால் பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். அந்த வாரங்களில் பதிப்பகத்து ஆட்கள் எல்லோரும் காட்சி அரங்கில்தான் இருப்பார்கள்.

புத்தகம் கைக்கு வந்ததும் பக்கங்களைச் சரிபாருங்கள். பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாக அச்சாகி மடிக்கப்படுகிறது. கோக்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போகும், அல்லது ஒன்றே இரண்டுதரம் வந்துவிடும், சிலசமயம் தலைகீழாகவும். 16-க்குப் பின் 17, 32-க்குப் பின் 33 என்று பதினாறு பதினாறாகப் பார்த்தால் இரண்டு நிமிஷ வேலை. பிறகு நடுப்பக்கத்தை விரித்து லேசாக அழுத்துங்கள். பசை படபடவென்று வெடித்தாலோ ஒரு தாள் கையோடு வந்தாலோ மாற்றிக்கொள்ளுங்கள். துப்பறியும் கதையில் கடைசி ஃபாரம் இல்லாமல் போவதைப் போன்ற வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும், எழுதிய பிரதியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். உள்ளே முதல் வெற்றுத் தாளில், பால்பாயிண்ட் பேனாவில், பெயரும் தேதியும் ஊரும் போதும். இங்க் பேனா சொரசொரப்புத் தாளில் ஊறி மறுபக்கம் தெரியும். "அவசியம் படிக்கவும்" என்று எழுதாதீர்கள். அடுத்த மாதம் போனில் "படிச்சாச்சா?" என்றும் கேட்காதீர்கள், அது வீட்டுப் பாடமாகிவிடும்.

ஊருக்குப் போனதும் ஷோகேஸில் நிற்கும் அந்த ஐந்தின் உறையை நீங்களே பிரித்துவிடுங்கள். 'புது வெள்ளம்' ஒன்றை மட்டும் எடுத்து, மாமியார் சாய்ந்து உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூட்டோடு வைத்துவிட்டு வாருங்கள்.